கணவாய் கிடைக்காததால் சிக்கிய மோட்டார்

செல்லுக்குள்ளே சரக்கு எப்படி இடம் மாறுது? தண்ணீரில் விட்ட மைச்சொட்டு மாதிரி தானா பரவும்னு ஸ்கூலில் படிச்சோம். குட்டி செல்லுக்கு அது போதும். ஆனா முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரைக்கும் ஒரே நரம்பு செல், கிட்டத்தட்ட 1 மீட்டர் நீளத்துக்கு ஓடுதே, அங்கே? ஒரு புரதம் வெறுமனே பரவிப் போய்ச் சேர எவ்வளவு நாள் ஆகும்னு உட்கார்ந்து கணக்கு போட்டேன். 1,500 வருஷத்துக்கு மேல வருது! :-)

அப்போ உள்ளே ஏதோ இன்ஜின் இருந்தாகணும். 1948லேயே பால் வைஸ் நரம்பை இறுக்கிக் கட்டி, கட்டுக்கு மேல்பக்கம் சரக்கு தேங்கி வீங்குறதைக் காட்டிட்டார். 1982ல் பிரேடி, லாசெக், ஆலன் மூணு பேரும் கணவாயின் ராட்சத நரம்பை, பேஸ்ட் ட்யூபை அமுக்குற மாதிரி அமுக்கி, உள்ளிருந்த கூழை வெளியே எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வீடியோ கேமரா மாட்டிப் பார்த்தாங்க. துகள்கள் ரெண்டு திசையிலும் ஓடிக்கிட்டே இருந்தது. செல் உடைஞ்சும் டிராஃபிக் நிக்கலை.

இந்த இடத்தில் வர்றவர் ரொனால்ட் வேல், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி மாணவர். தசையை இழுக்கிற மையோசின்தான் இங்கேயும் இன்ஜின்னு அவரும் மைக்கேல் ஷீட்ஸும் யூகிச்சாங்க. சோதிக்கக் கணவாய் வேணும். 1983ல் எல் நினோ புண்ணியத்தில் கலிஃபோர்னியா கடலில் கணவாயே இல்லை. மூட்டை கட்டிக்கிட்டு நாட்டின் மறுகோடி, மாசசூசெட்ஸில் இருக்கிற வுட்ஸ் ஹோல் போனாங்க.

அங்கே முதல் அடி. துகள்கள் ஓடுற தண்டவாளம் மையோசினுக்கான ஆக்டின் இழை இல்லை, மைக்ரோட்யூப்யூல்னு தெரிஞ்சது. யூகம் அவுட்.

அப்புறம் தண்டவாளம், துகள், எரிபொருளா ஏடிபி மூணையும் கண்ணாடியில் சேர்த்தாங்க. சரியா ஓடலை. நரம்புக் கூழின் கரைசலையும் ஊத்தினதும் ஓடுச்சு. அதைவிட விநோதம், தண்டவாளமே கண்ணாடி மேல ஊர்ந்தது! துகளே இல்லாத இடத்திலும்தான். நானா இருந்தா ஸ்லைடு சரியா கழுவலைன்னு தூக்கிப் போட்டிருப்பேன். இன்ஜின் அந்தக் கரைசலில் மிதக்குது, கண்ணாடியில் ஒட்டிக்கிட்டு தண்டவாளத்தைத் தள்ளுதுன்னு அவங்க பிடிச்சுட்டாங்க. அந்த ஊர்தலையே அளவுகோலா வெச்சு, கரைசலைப் பிரிச்சுப் பிரிச்சு 1985ல் புரதத்தைத் தனியா எடுத்தாங்க. பேர் கைனேசின்.

அது ஒரு அடிக்கு 8 நானோமீட்டர் நடக்குதுன்னு 1993ல் அளந்தாங்க. நரம்பில் வேகமான சரக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிமீட்டர் வரை போகும். 1 மீட்டர், ரெண்டரை நாள்.

திரும்பி வர்ற வண்டி வேற, டைனீன். வெறிநாய்க்கடி வைரஸ் மூளைக்கு ஏறுற வழி அதுதான். அது தனிப் பதிவு.