காற்றோடு போன மருந்து

மார்கழி விடியலில் சிதம்பரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒரு காட்சியை நீங்கள் கண்டிருக்கலாம். அடுப்புப் புகை மேலே எழும்பாமல், ஆள் உயரத்தில் பாய் விரித்தாற்போல் கிடக்கும். அந்நேரம் யாராவது நெற்பயிருக்கு மருந்தடித்தால், நாலு வரப்பு தள்ளி நிற்பவரின் மூக்கையும் அது எட்டும். "காற்றே இல்லையே சார், மருந்து எப்படி இங்கே வந்தது?" என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். அதற்கு விடை சொல்ல ஒரு சிறு கணக்கும் வேண்டும். ஒரு நீண்ட கதையும் வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 70 முதல் 100 மைக்ரான். காற்றில் விழும் மிகச் சிறு துளியின் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பது 1851இல் ஸ்டோக்ஸ் வெளியிட்ட விதி. இதன்படி 100 மைக்ரான் துளி விநாடிக்குச் சுமார் 27 செ.மீ. இறங்கும். 20 மைக்ரான் துளியோ ஒரு செ.மீ.க்குச் சற்றே கூடுதலாகத்தான் இறங்கும். 400 மைக்ரான் துளிக்கு இவ்விதி பொருந்தாது. அளந்து பார்த்தால் விநாடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் வருகிறது.

3 மீட்டர் உயரத்திலிருந்து இம்மூன்றையும் விடுங்கள். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் இளங்காற்று வீசட்டும். பெரிய துளி சுமார் 5 மீட்டரில் தரையைத் தொடும். நடுத்துளி 30 மீட்டர் போகும். 20 மைக்ரான் துளி தரைக்கு வர நான்கு நிமிடமாகும். அதற்குள் அது 700 மீட்டர் போய்விடும். வழியில் அதிலுள்ள நீர் ஆவியானால் துளி இன்னும் சிறுத்து, இன்னும் தொலைவு போகும். 400 மைக்ரான் துளி ஒன்றை உடைத்தால் 20 மைக்ரான் துளிகள் 8,000 கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். துளியைப் பொடிப்பொடியாக்கினால் இலை முழுதும் நனையும் என்பது உழவர்க்கு இலாபம். அந்தப் பொடியைக் காற்று தூக்கிக்கொள்வது பக்கத்து வீட்டுக்காரருக்கு நட்டம்.

இனி கதை. பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் பூசண நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையை 1885இல் மில்லார்தே அறிவித்தார். அதை அடிக்க முதுகில் சுமக்கும் தெளிப்பான்கள் வந்தன. இன்று நம்மூரில் தோளில் மாட்டும் 'டேங்க்' அதன் பேரப்பிள்ளை. இதில் நாசில் பயிருக்கு அரை மீட்டர் உயரத்தில்தான் நிற்கும்; துளிக்குப் பறக்க நேரமில்லை. பெரும் ஆபத்து, அடிப்பவருக்கே.

1921ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் மெக்ரெடி என்ற விமானி, புழு அரித்த கட்டால்பா மரத்தோப்பின் மேல் பறந்து ஈய ஆர்சனேட்டுத் தூளைத் தூவினார். மருந்து வானிலிருந்து இறங்கத் தொடங்கியது அன்றுதான். ஆனால் விமானம் தண்ணீரைச் சுமக்கத் தயங்கும். கைத்தெளிப்பானில் ஹெக்டேருக்கு 500 லிட்டர் வரை கலந்து அடிக்கிறோம். 1960களில் பரவிய மிகக் குறைந்த அளவுத் தெளிப்பில் 5 லிட்டருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய அளவால் ஒரு ஹெக்டேரை மூட வேண்டுமானால் துளியைப் பொடியாக்கித்தான் தீரவேண்டும். நீரை மிச்சப்படுத்தும் ஒவ்வொரு பொறியும் துளியைக் காற்றின் கையில் ஒப்படைக்கிறது. இதைத்தான் நாம் வரலாறு நெடுகக் காண்கிறோம். 1957இல் நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் அரசு விமானங்கள் டி.டி.ட்டி. தெளித்தபோது, கேட்காத தோட்டங்களிலும் மருந்து விழுந்து வழக்கு மூண்டது. ரேச்சல் கார்சன் தம் புகழ்பெற்ற 1962ஆம் ஆண்டு நூலை எழுத அந்த வழக்கும் ஒரு தூண்டுதல்.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள், வானிலிருந்து தெளிக்குமுன் 24 மணி நேரம் முன்னதாக மக்களுக்கு அறிவிக்க வேண்டும், அனுமதித்த உயரத்தில்தான் தெளிக்க வேண்டும் என்கின்றன. அந்த விதி கண்ட சோதனை காசர்கோட்டில் நடந்தது.

பண்ருட்டியிலிருந்து விருத்தாசலம் வரை செம்மண்ணில் முந்திரித் தோப்புகளைப் பார்த்தவர்களுக்குக் காசர்கோட்டை நினைப்பது எளிது. மரமும் அதுவே, தளிரையும் பூங்கொத்தையும் உறிஞ்சிக் கருக்கும் தேயிலைக் கொசுவும் அதுவே. நிலம்தான் வேறு. இங்கே சமவெளி. அங்கே தோப்பு குன்றின் மேல். வீடு, ஓடை, குடிநீர் தரும் சுரங்கக் கிணறு எல்லாம் பள்ளத்தில். சுமார் 4,600 ஹெக்டேர் அரசு முந்திரித் தோட்டங்களின்மேல் 1970களின் கடைசியிலிருந்து 2000 வரை ஆண்டுதோறும் ஹெலிகாப்டர்கள் எண்டோசல்ஃபான் தெளித்தன. குன்றும் பள்ளமுமான நிலத்தில் ஹெலிகாப்டர் மர உச்சியை ஒட்டியே பறப்பது இயலாது. பள்ளத்தைக் கடக்கையில் துளி விழவேண்டிய உயரம் 15 மீட்டர் என்று வைத்து நம் கணக்கைத் திரும்பப் போடுங்கள்: 100 மைக்ரான் துளி 150 மீட்டர் போகும்; 20 மைக்ரான் துளி மூன்று கிலோமீட்டரைத் தாண்டும்.

கன்றுகள் ஊனமாய்ப் பிறப்பதைப் பற்றி ஸ்ரீ பட்ரே என்ற இதழாளர் 1980களின் தொடக்கத்திலேயே எழுதினார். தோட்டத்தை ஒட்டிக் குடியிருந்த லீலாகுமாரி அம்மா என்னும் வேளாண்துறை ஊழியர் 1998இல் ஹோஸ்துர்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2000இல் வான்தெளிப்பு நின்றது. பிறகு அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம், தோட்டத்தடி ஊரின் 117 சிறுவர்களையும் தெளிப்பே காணாத ஊரின் 90 சிறுவர்களையும் ஒப்பிட்டது. முதல் கூட்டத்தில் பருவ வளர்ச்சி பிந்தியிருந்ததாக 2003இல் வெளியிட்டது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் எண்டோசல்ஃபானைத் தடை செய்தது. பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் 5 இலட்சம் ரூபாய் தரும்படி 2017இல் ஆணையிட்டது.

எந்த நோய் இம்மருந்தால் வந்தது, எது வரவில்லை என்று மருத்துவர்கள் வாதிட்டார்கள். அது அவர்கள் துறை. ஆனால் மருந்து வீடுகளை எட்டியதா என்ற கேள்விக்கு இரத்தப் பரிசோதனைகூட வேண்டியதில்லை. கல்லூரி முதலாண்டு இயற்பியல் போதும். இருபது ஆண்டுகளில் யாரும் அந்தக் கணக்கைப் போட்டு ஊராரிடம் காட்டவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

மாணவரின் கேள்விக்கு வருகிறேன். இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடுகிறது. அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. பொடித்துளிகள் மேலே கலந்து நீர்த்துப் போகவும் வழியில்லை, விரைவில் இறங்கவும் எடையில்லை. மெல்ல நகரும் குளிர்காற்றோடு கூட்டமாய்ப் பக்கவாட்டில் ஊர்கின்றன. ஆகவே அசைவற்ற விடியல் நல்ல நேரம் என்ற எண்ணம் தவறு. பனி விலகி, இலை இலேசாக அசையும் நேரமே ஏற்றது. நம் கடலோரத்தில் நடுப்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பிவிடும்; அதற்குள் முடிக்க வேண்டும். அழுத்தத்தைக் குறைத்து, பெருந்துளி தரும் நாசிலைத் தாழ்த்திப் பிடித்து, காற்று போகும் பக்கம் சில மீட்டர் அடிக்காமல் விட்டால் பெரும்பகுதி நம் வயலிலேயே நிற்கும். கடலூர்க் கரையெங்கும் உள்ள சவுக்கும் உதவும்: அகன்ற இலையைச் சுற்றிக் காற்றோடு வளைந்து நழுவும் பொடித்துளி, ஊசி போன்ற மெல்லிய இலையில் எளிதாக மோதி ஒட்டிக்கொள்ளும்.

இப்போது வயலுக்கு டிரோன் வந்திருக்கிறது. அதற்கான நடைமுறை விதிகளை மைய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டது. தோளில் சுமை இல்லை, அடிப்பவர் உடம்பில் மருந்து படுவதும் குறைவு. இவை பெரிய நன்மைகள். ஆனால் பத்து லிட்டர் தொட்டியைக் கொண்டு ஓர் ஏக்கரை முடிக்கும் பொறி அது. பறக்கும் உயரம் பயிருக்கு மேல் சில மீட்டர். மேலே போட்ட கணக்கு அதற்கும் பொருந்தும்.

நீங்களே சோதிக்கலாம். மருந்தே படாத புதிய தெளிப்பானில் தண்ணீரும் சிவப்பு மையும் கலந்து, காற்று போகும் திசையில் மீட்டருக்கொன்றாக வெள்ளைத்தாள்களைக் கல் வைத்துப் பரப்பி, ஒரே இடத்தில் நின்று அடியுங்கள். தாளில் விழுந்த புள்ளிகளை எண்ணுங்கள். பிறகு நாசிலை இடுப்பிலிருந்து தலைக்கு மேலே உயர்த்தி, புதுத்தாள்களோடு மறுபடி எண்ணுங்கள். கடைசித் தாள்களைப் பார்க்க ஓர் உருப்பெருக்கி வேண்டியிருக்கும்.