மகமை: மூட்டைக்கு இவ்வளவு

மகமை என்பது வணிகர்கள் தங்கள் சரக்கின் மேல் தாங்களே விதித்துக்கொண்டு, பொதுக்காரியத்துக்கென ஒதுக்கிவந்த சிறுதொகை. ஆண்டு முடிந்ததும் லாபத்தைக் கூட்டிப் பார்த்து அதில் ஒரு பங்கைக் கொடுப்பதல்ல அது. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று சரக்கு கைமாறும்போதே எடுத்துவைக்கப்படுவது. ஆகவே வியாபாரம் நொடித்த ஆண்டிலும் மகமை நிற்காது.

வழக்கம் மிகப் பழையது. சிவகங்கை மாவட்டம் பிரான்மலையில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்குள்ள கோயிலுக்காகச் சரக்குக்கு ஏற்ப விதித்துக்கொண்ட தொகைகளைப் பட்டியலிடுகிறது. பருத்தி, நூல், இரும்பு என்று சந்தையையே கல்லில் இறக்கிவைத்தது போன்ற பட்டியல் அது. பிற்காலத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தாரும் மகமை எடுத்துக் கோயில் திருப்பணிகள் செய்தார்கள்.

மகமை வெறும் தர்மமாக நிற்காமல் தொழிலின் முதுகெலும்பாகவே மாறியது 19ஆம் நூற்றாண்டில், நாடார் வணிகர்களிடம். 1801இல் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்த பிறகு, திருநெல்வேலிச் சீமையின் பனங்காடுகளிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு அவர்கள் வடக்கே புறப்பட்டனர். கைமுதல் குறைவு, போகிற ஊரில் தாழ்வாக நடத்தப்பட்டார்கள், வழியெல்லாம் கொள்ளை பயம். இதற்கு அவர்கள் கண்ட வழி பேட்டை. மதில் சூழ்ந்த இடத்தில் வண்டிகளை நிறுத்தி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சரக்கை இறக்கி, அச்சமின்றி இரவைக் கழிக்கலாம். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களும் இப்படி வணிகத் தலங்களாக வளர்ந்தவை. விருதுபட்டிதான் 1923இல் விருதுநகர் ஆனது.

பேட்டைக்குக் காவல் வேண்டும், கிணறு வேண்டும், மதிலைப் பழுதுபார்க்க வேண்டும். அந்தச் செலவு மகமையிலிருந்து வந்தது. நிர்வாகம், ஊர்ச் சமூக அமைப்பான உறவின்முறையின் கையில். திருமணமான ஒவ்வோர் ஆணும் அதில் உறுப்பினர். முறைகாரர்கள் எனப்பட்ட நிர்வாகிகள் மாறிமாறிப் பொறுப்பேற்றார்கள். தனி வணிகர் ஒருவரால் தாங்க முடியாத செலவு, நூறு வண்டிகளின் மேல் பரவியபோது ஒரு வண்டிக்குச் சில்லறைக் காசானது. முதல் படைத்த பழைய வணிகர்களோடு போட்டியிட அவர்களுக்குக் கிடைத்த பெரிய பலம் அதுதான். கொடையையும் வியாபாரத் தந்திரத்தையும் இங்கே பிரித்துப் பார்க்கவே முடியாது.

மிஞ்சிய பணம் கோயிலுக்கும் கல்விக்கும் போயிற்று. 1880களில் விருதுபட்டியில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு மகமையோடு, வீடுதோறும் எடுத்துவைத்த பிடி அரிசியும் கைகொடுத்தது. காமராஜர் படித்த பள்ளி அது. கோயில் நுழைவு உரிமைக்கான கமுதி வழக்கையும் சமூகம் திரட்டிய பணமே இலண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுசென்றது. 1908இல் தீர்ப்பு எதிராக வந்தது. 1910இல் நாடார் மகாஜன சங்கம் உருவாயிற்று. 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி, 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியபோது, எதிரே நின்றது ஸ்வீடன் நாட்டு முதலீட்டில் இயந்திரங்களோடு வந்த விம்கோ. சிவகாசி கைத்தொழிலை நம்பியது. விடுதலைக்குப் பின் கலால் வரிச் சலுகையும் துணைநின்றது. ஆனால் விலையைக் குறைத்து வைக்க உதவியது மலிவான கூலி. அதில் பெரும்பகுதி பெண்களும் சிறுவர்களும் செய்த வேலை. பள்ளிக்கூடம் கட்டிய வட்டாரத்திலேயே குழந்தைகள் குச்சி அடுக்கினார்கள். மகமைக் கணக்கில் இதற்குப் பத்தி எதுவும் கிடையாது. இந்தக் குழந்தை உழைப்பை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது: சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது குழந்தைகள் நலநிதியில் சேர வேண்டும்.

மகமை போன்ற வழக்கத்துக்கு வடநாட்டில் தர்மாதா என்று பெயர். பில்லில் தனி இனமாக வாங்கப்படும் அந்தத் தொகை வணிகரின் வருமானமா என்ற கேள்வி பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில் எழுந்தது. தொடக்கத்திலேயே தர்மத்துக்கென்று வாங்கியது வியாபார வரவாகாது என 1979இல் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. அப்படியானால் கொடுத்தவர் கடைக்காரரா, வாடிக்கையாளரா? வணிகர் பெயரில் எழுந்த கட்டடங்கள் பலவற்றுக்கும் இதைக் கேட்கலாம்.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவின் வழியே கொடையைக் கடமையாக்கியது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி: இவற்றுள் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அளவுகோல் மூட்டையிலிருந்து லாபத்துக்கு நகர்ந்துவிட்டது. சராசரி நஷ்டமானால் செலவிடவேண்டிய தொகையும் இல்லை. தொழில் நடக்கும் ஊருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்பதில் மட்டும் புதிய சட்டம் பேட்டையை ஒத்திருக்கிறது. சொந்த ஊழியர்கள் மட்டுமே பயன்பெறும் பணியை விதிகள் கணக்கில் சேர்ப்பதில்லை. உறவின்முறையின் மகமையோ தன் சுற்றத்தாரிடமிருந்தே தொடங்கியது.