கூறை பறித்தவர் யார்? திருமுருகன்பூண்டி வேடுபறியும் பூதங்களின் வருகையும்

பேய்க்கதை என்றாலே அநியாயமாகச் செத்தவரின் குரல் என்று எடுத்துக்கொள்வது நம் நாட்டார் வழக்காற்று ஆய்வில் ஏறத்தாழ வாய்பாடாகிவிட்டது. முத்துப்பட்டன், காத்தவராயன், மதுரை வீரன் கதைகள் இந்த வாய்பாட்டுக்குள் சிரமமில்லாமல் அடங்குகின்றன. கொலையுண்டவர் திரும்பி வருகிறார், அச்சுறுத்துகிறார், படையல் வாங்கிக்கொண்டு தெய்வமாக அமர்கிறார். மலேசிய மின்னணுத் தொழிற்சாலைகளில் 1970களில் பெண் தொழிலாளர்களுக்குப் பேய் பிடித்ததை, உழைப்பு ஒழுங்குக்கு எதிரான குரலாகப் படித்த ஆய்வுகள் வந்தபின் இதற்கு உலக மதிப்பும் சேர்ந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ராத்திரி ஷிப்டில் புழங்கும் பேய்க்கதைகளைத் தொகுக்கப் புறப்படும் ஆய்வு மாணவரும் இதைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போகிறார். பேய் தென்பட்டால் அதன் பின்னால் பாதிக்கப்பட்ட ஒருவரைத் தேடு என்பதே முறை.

அந்த முறை தடுக்கி விழும் இடம் திருப்பூருக்கு மிக அருகிலேயே, அவிநாசி சாலையில் இருக்கிறது. சேரமான் பெருமாள் கொடுத்த செல்வத்தோடு வந்த சுந்தரரைத் திருமுருகன்பூண்டியில் வேடர் உருவில் வந்த சிவபூதங்கள் வழிப்பறி செய்தன என்பது தலவரலாறு. இதைத் தொட்ட ஆய்வுகளில் செல்வாக்குள்ள ஒரு போக்கு உண்டு. ஆளில்லாத காட்டுவழி, அங்கே பேய் பூதம் நடமாடுகிறது என்ற உள்ளூர் அச்சம், அதைப் பின்னாளில் பெரியபுராணம் சைவமாக்கிக்கொண்டது என்று அது வரிசைப்படுத்துகிறது. முதலில் நாட்டார் பேய், பிறகு புராணப் பூதம். கிடைக்கும் சான்றுகள் இந்த வரிசையைத் தாங்கவில்லை. பூண்டியில் முதலில் இருந்தவர்கள் மனிதர்கள். பூதம் பின்னால் வந்து அவர்கள் நின்ற இடத்தில் நின்றுகொண்டது.

சான்று சுந்தரரின் பூண்டிப் பதிகம்தான். ஏழாம் திருமுறையில் 49ஆவது, பண் பழம்பஞ்சுரம். எல்லோரும் அறிந்த பதிகம். புராணத்தை முதலில் படித்துவிட்டு அதன் விளக்கத்தோடு பதிகத்துக்குள் நுழைவது நம் பழக்கமாகிவிட்டதால், அது தன்னளவில் என்ன சொல்கிறது என்பது கவனிக்கப்படவில்லை. புராணத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் படித்தால் கிடைப்பது கூர்மையான ஒரு புகார் மனு. வில் வைத்திருக்கும் வடுக வேடுவர்கள் வழிப்போக்கரை மறிக்கிறார்கள். வில்லைக் காட்டி மிரட்டுகிறார்கள், வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள், கல்லால் எறிகிறார்கள், குத்துகிறார்கள், உடுத்திய கூறையைப் பறித்துக்கொள்கிறார்கள். மாட்டைக் கொன்று தின்கிறார்கள், உயிர்க்கொலைக்கு அஞ்சுவதில்லை. அவர்கள் கட்டியிருப்பதோ கிழிந்த துணி, தலையோ பரட்டை. இப்படிப்பட்ட ஊரில், பக்கத்தில் பெண்ணையும் வைத்துக்கொண்டு எதற்காக உட்கார்ந்திருக்கிறீர் என்று பாட்டுக்குப் பாட்டு இறைவனைப் பார்த்துக் கேள்வி. எல்லைக்குக் காவல் இல்லையென்றால் ஏன் இங்கே இருக்கிறீர்? ஏறிப் போகும் எருதுக்குக் கால் முறிந்துவிடவில்லையே, கிளம்ப வேண்டியதுதானே? பிச்சையெடுத்துத்தான் சாப்பிடுகிறீர் என்றால் இந்த ஊர்தானா கிடைத்தது?

இதில் இரண்டு செய்திகள் என் வாதத்தைத் தாங்குகின்றன. பறிப்பவர்களைப் பதிகம் ஓரிடத்திலும் பூதமென்று சொல்லவில்லை, சொல்லாமல் சுட்டவும் இல்லை. அவர்கள் அங்கே குடியிருப்பவர்கள். முருகன்பூண்டியே அவர்கள் கூடி வாழும் ஊர் என்றுதான் வருணனை. அடுத்தது, இந்தப் பறிப்பு அன்றாடம் நடக்கிறது. நாள்தோறும் கூறை பறிபோகும் இடம் என்று பதிகம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஒரே ஒருமுறை, ஒரே ஓர் அடியாரிடம், ஒரு நோக்கத்துக்காகத் தெய்வம் நடத்திய விளையாட்டு என்றால் ‘நாள்தோறும்’ அங்கே எப்படி வந்தது? புராணத்தின் பூதங்கள் அன்று ஒருநாள் வேலைக்கு வந்தவை. பதிகத்தின் வேடுவர்களோ நேற்றும் பறித்தார்கள், நாளையும் பறிப்பார்கள்.

பறிபோன பொருளும் கவனிக்கத்தக்கது. பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் எழுதும்போது பொற்பொதியும் மணியும் கதையின் நடுவுக்கு வந்துவிடுகின்றன. தானே கொடுக்கும் செல்வத்தைத் தவிரப் பிறர் கொடுத்ததைத் தன் தோழன் கொண்டுபோகலாகாது என்று இறைவன் நினைக்கிறான், பூதங்களை ஏவுகிறான், பாட்டைக் கேட்டபின் பறித்ததெல்லாம் கோயில் வாயிலில் குவிகிறது. சேரமான் தந்த சுமையில் துணியும் இருந்திருக்கலாம்; ஆனால் கதையை நகர்த்துவது பொன். பதிகத்தில் பொன்னுக்கு அந்த இடம் இல்லை. அங்கே பறிபோவது உடம்பில் கிடந்த துணி. அதைப் பறிப்பவனும் கிழிசல் கட்டியவன். தறித்துணி விலைமதிப்புள்ள சொத்தாக இருந்த காலத்தில், துணியில்லாதவன் துணி வைத்திருப்பவனிடம் பறிக்கிறான் என்பது மிகச் சாதாரணமான, பூதம் எதையும் வேண்டாத காரணம். (இன்று பின்னலாடைக்குப் பெயர்போன வட்டாரத்தைப் பற்றிய பழைய இலக்கியப் பதிவொன்று துணிப்பறி பற்றியதாக இருப்பது தற்செயல்தான். அதிலிருந்து குறியீடு எதையும் பிழிய வேண்டாம்.)

வழிப்பறி நடந்திருக்கக்கூடிய சூழல் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. கொங்கு நாடு சேர நாட்டையும் சோழ நாட்டையும் இணைத்த வழிநாடு. நொய்யல் கரைக் கொடுமணலின் வணிகத் தொன்மையும், கோவை சுண்டக்காமுத்தூர் அருகே கிடைத்த இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டும் இத்துறையினருக்குப் புதியவை அல்ல. சரக்கு போகும் வழியில் பறிப்பவன் இருப்பான். பதிகம் சொல்லும் வடுக வேடுவரை இன்றைய எந்தச் சமூகத்தோடும் பொருத்த இச்சான்று போதாது. அப்படிப் பொருத்தும் ஆசையும் எனக்கில்லை.

மறுப்புகள் வரும். நடந்தது தெய்வ விளையாட்டென்று தெரிந்துகொண்டே சுந்தரர் தெரியாததுபோலப் பாடினார் என்பது உரைமரபின் பதில். பக்திக்கு அது அழகு. வரலாற்று வாதத்தில் அதற்கு இடமில்லை, எந்தப் பாட்டையும் அப்படி எதற்கும் சான்றாக்கிவிடலாம். சேக்கிழாருக்கு முன்பே உள்ளூரில் பூதக்கதை வாய்மொழியாக இருந்திருக்கலாமே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. இருந்திருக்கலாம்தான். சுந்தரரை எட்டாம் நூற்றாண்டை ஒட்டி வைத்தால் இரண்டு நூல்களுக்கும் நடுவில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கிடக்கிறது. அதற்குள் எதுவும் முளைத்திருக்கும். ஆனாலும் அந்த வாய்மொழி ஊராரின் அச்சத்திலிருந்து பிறந்தது என்று கொள்ள என்ன ஆதாரம்? காட்டுப் பேய் தன் விருப்பத்துக்கு அடிக்கும். பூண்டிப் பூதமோ ஏவினால் வருகிறது, பறிக்கிறது, கேட்டால் திருப்பிக் கொடுக்கிறது. இரவுவழியில் நடப்பவன் அஞ்சும் பேயின் சாயல் அதில் இல்லை. கோயில் சிப்பந்தியின் சாயல்தான் இருக்கிறது. ஆகவே அது பிறந்த இடம் கோயில் என்று கொள்வதே பொருத்தம்.

கோயிலுக்கு அந்தக் கதை ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பதிகத்தின் கேள்வியிலேயே விடை இருக்கிறது. காவல் இல்லாத இடத்தில் நீர் எதற்கு என்ற கேள்வி இறைவனுக்குப் பெரிய இக்கட்டு. பறித்தவர்கள் உண்மையான வேடர்கள் என்றால், தன் வாசலில் அடியார் அடிபட்டதைத் தடுக்க முடியாத தெய்வமாக அவர் நிற்க நேரும். பறித்தவை அவருடைய பூதங்களே என்று ஆகிவிட்டால் கேள்வி கரைந்துபோகிறது. காவலில்லாத எல்லை முழுக்கக் காவலுக்குள் வந்துவிடுகிறது. அந்தத் தீர்வுக்கு விலையும் உண்டு. வில்லும் கிழிந்த துணியுமாக, ஓர் ஊரும் வாழ்க்கையும் கொண்டிருந்த மனிதர்கள் வெறும் வேடமாகச் சுருங்கிவிட்டார்கள். அவர்கள் மேலிருந்த பழி நீங்கியது. கூடவே அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதும் நீங்கியது.

இப்படித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. வைணவத்தில் இதே பெயருள்ள வேடுபறி வேறு முடிவுக்குப் போனது. திருவரங்கத்தில் இராப்பத்தின் எட்டாம் நாளில் நடிக்கப்படும் வேடுபறியில் பறிப்பவர் திருமங்கை மன்னன், பறிகொடுப்பவர் பெருமாள். அந்தக் கள்வருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, திருநகரி பக்கத்து நிலம் உண்டு. பறித்த கையோடு அவர் ஆழ்வார் ஆனார். அவருடைய பறிப்பை மறைக்க யாரும் பூதத்தைக் கூப்பிடவில்லை. பூண்டியில் மாசித் திருவிழாவில் நடக்கும் வேடுபறியில் நிலைமை சுற்றிவளைந்தது. வேடராக வருபவர் மனிதர். அவர் நடிப்பது பூதத்தை. அந்தப் பூதம் நடிப்பது மனிதரை. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதென்னவோ ஆட்கள் பொருளைப் பறிப்பதுதான்; பதிகம் சொன்னதும் அதைத்தான்.

பூண்டியில் இன்னொரு வகைப் பேயும் உண்டு, அது நம் வாய்பாட்டுக்கு நன்றாகப் பொருந்தும். சூரனைக் கொன்ற முருகனைப் பிரமகத்தி தொடர்ந்தது, இங்கே சிவனை வழிபட்டதும் அது நீங்கியது என்கிறது தலபுராணம். கொலையுண்டவன் கொன்றவனை விடாமல் ஒட்டிக்கொள்ளும் கதை இது. சித்தம் கலங்கியவர்களையும், பேய் பிடித்ததென்றும் செய்வினை என்றும் நம்பப்படுபவர்களையும் இங்கே கூட்டிவந்து, தீர்த்தமாட்டி, தங்கவைத்து வழிபடும் வழக்கம் இந்தக் கதையைச் சார்ந்து நிற்கிறது. வழிப்பறிப் பூதத்தைச் சார்ந்து அப்படி எந்த வழக்கமும் எழவில்லை. அதை ஓட்ட யாரும் வேண்டிக்கொள்வதில்லை, அதற்கு அஞ்சித் தாயத்துக் கட்டுவதுமில்லை. ஒரே கோயிலில் ஒட்டிக்கொள்ளும் பேய் ஊராரின் உடம்புக்குள் புகுந்திருக்கிறது. ஏவப்பட்ட பூதம் ஏட்டிலும் திருவிழாவிலும் மட்டும் நிற்கிறது. பூதக்கதை ஊராரின் அச்சத்திலிருந்து பிறந்தது என்ற போக்கு இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் தராது.

கூப்பிடு பிள்ளையாரையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பொருளைப் பறிகொடுத்து நின்ற சுந்தரரைக் கூப்பிட்டு, அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்று அவிநாசி வழியில் இருக்கும் இந்தப் பிள்ளையாரைப் பற்றிச் சொல்கிறார்கள். பெரியபுராணத்தின் போக்கில் இவருக்கு வேலையே இல்லை. அனுப்பியவனே திருப்பிக் கொடுக்கும்போது துப்புச் சொல்ல ஓர் ஆள் எதற்கு? துப்பு தேவைப்படுவது பறித்தவன் வேறாளாக இருந்து, பொருளோடு எங்கோ ஒளிந்த கதையில்தான். இந்த வழக்காறு எவ்வளவு பழையது என்பது இங்கே முக்கியமில்லை. பூதம் வந்து உட்கார்ந்தபின்னும் ஊராரின் கதையில் ஒரு திருட்டு திருட்டாகவே எஞ்சியிருக்கிறது என்பதுதான் முக்கியம். திருப்பூர் வட்டாரப் பேய்க்கதைகளைத் தொகுப்பவர்கள் செத்தவர் யார் என்று விசாரிப்பதோடு, அந்த வழியில் முன்பு பிழைத்திருந்தவர் யார், கதைக்குள் பேய் வந்தபின் யாருடைய பெயர் காணாமல் போனது என்பதையும் ஒவ்வொரு கதையிலும் விசாரித்தால், பூண்டி ஒற்றை விதிவிலக்கா இல்லையா என்பது தெரியவரும். விதிவிலக்காக இருக்காது என்றே நினைக்கிறேன்.