பட்டியலிலிருந்து விழுந்த அரிப்பு

1832இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் ஹாட்ஜ்கின், நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்தவர்களைப் பற்றி எழுதினார். பிணங்கள் சொறிந்துகொள்வதில்லை, அதனால் அறுத்துப் பார்த்து அறிந்த, பின்னர் அவர் பெயரையே பெற்ற அந்த நிணநீர்ப் புற்றுநோயில் அரிப்பு பின்னாளில்தான் இடம்பிடித்தது. 1965இல் நியூயார்க் மாநிலத்தின் ரை நகரில் கூடிய நிபுணர்கள் காய்ச்சல், இரவு வியர்வையோடு அரிப்பையும் நோயின் கட்டத்தை வகுக்கும் பட்டியலில் பொது அறிகுறியாகச் சேர்த்தார்கள். 1971இல் ஆன் ஆர்பர் நகரில் உருவான புதிய வகைப்பாடு அதை நீக்கி, எடை குறைவதை வைத்தது. நோயின் போக்கைக் கணிக்க அரிப்பு உதவவில்லை என்றால் நீக்கியது நியாயம்தான். ஆனால் நோயின் கட்டத்தை வகுப்பது வேறு, நோயைக் கண்டுபிடிப்பது வேறு.

அரித்தாலே புற்றுநோயா என்று கேட்கலாம். இல்லை, வறண்ட தோலும் சொறிசிரங்கும்தான் பெரும்பாலும் காரணம். ஆனாலும் தடிப்பே இல்லாமல், நகக்கீறல் மட்டும் தெரிய, ஆறு வாரம் தாண்டியும் அரித்தால் களிம்பு மட்டும் போதாது. கழுத்தையும் அக்குளையும் தடவிப் பார்த்து, ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும்.