வெண்பாய்ப் படகின் ஊர்: கிளாடா

அயர்லாந்தின் மேற்கே, கோரிப் ஆறு கால்வே விரிகுடாவில் கலக்குமிடத்தில், கால்வே நகர மதிலுக்கு வெளியே அமைந்திருந்த மீனவர் குடியிருப்பு கிளாடா. ஐரிஷ் மொழியில் கற்கள் நிறைந்த கடற்கரையைக் குறிக்கும் சொல்லே அதன் பெயராயிற்று. ஆற்றின் மறுகரையில் வணிகர்களின் ஆங்கிலம் ஓங்கியிருக்க, ஐரிஷ் பேசிய இவ்வூரார் தமக்கெனத் தலைவரையும் கடல் கட்டுப்பாட்டையும் வைத்துக்கொண்டிருந்தனர்.

பிற்காலத்தில் 'அரசர்' என்றே அழைக்கப்பட்ட அத்தலைவரை ஊரே தேர்ந்தெடுத்தது. மற்றப் படகுகளின் பாய்கள் மரப்பட்டைச் சாறு ஏறிச் செம்பழுப்பாக இருக்க, அவருடைய 'ஹூக்கர்', அதாவது பக்கங்கள் உப்பிய, தார் பூசிய கரிய பாய்மரப் படகு, வெண்பாய் விரித்துச் சென்றது. அவர் குறிப்புக் காட்டிய பின்னரே வலைகள் இறங்கின. ஹெர்ரிங் மீன்கூட்டத்தின்மேல் ஒருவர் முந்தி வலைவீசினால் கூட்டம் கலைந்து அனைவருக்கும் பாடு கெடும் என்பதால், இதைக் கண்மூடிய வழக்கம் என்று தள்ளுவது பொருந்தாது. கரையேறிய மீனோ பெண்களின் பொறுப்பு. 1584இல் எழுந்த ஸ்பானிய வளைவின் அருகே கூடிய சந்தையில் அவர்களே விற்றனர், பணமும் அவர்கள் கையிலேயே புழங்கியது.

வெளியாரின் இழுவைப் படகுகள் மீன்குஞ்சுகளை அழிக்கும் என்று அஞ்சி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூரார் அவற்றைக் கடுமையாக, சில வேளைகளில் வன்முறையாகவும், எதிர்த்தனர். அந்த அச்சம் நியாயமானதே என்றாலும், ஆழ்கடலுக்கு ஏற்ற புதிய கருவிகளை நாடாத அதே கட்டுப்பாடு பின்னர் அவர்களை நலிவுறச் செய்தது. அதற்கு முன்பே பேரிடி விழுந்துவிட்டது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்கு நோய், மீனை விற்றுக் கிழங்கை உண்டு வாழ்ந்த மக்களின் அடுப்பையே அணைத்தது. கடல் கண்முன்னே கிடந்தும், மாவு வாங்குவதற்காக வலையையும் தளவாடங்களையும் அடகு வைத்தவர்களுக்கு அதில் இறங்க வழியில்லாமல் போயிற்று. குவேக்கர் என்னும் கிறித்தவச் சபையினர் அளித்த கடன்தான் அவ்வலைகளை மீட்க உதவியது.

தெருவொழுங்கின்றி நெருங்கி நின்ற கூரை வீடுகள் சுகாதாரக் கேடெனக் கருதப்பட்டு 1930களில் இடிக்கப்பட, அவ்விடத்தில் நகராட்சி வீடுகள் வரிசையாக எழுந்தன. புதிய வீடுகள் உறுதியானவை. ஆயினும் பழைய முற்றங்களோடு ஐரிஷ் பேச்சும் அங்கே மெல்லத் தேய்ந்தது. முடிசூடிய இதயத்தை இரு கைகள் ஏந்திய வடிவில், திருமணத்திற்கும் நட்பிற்கும் அணியப்பட்ட கிளாடா மோதிரத்தைத் தாயிடமிருந்து மகள் பெறுவது அங்கு வழக்கம். புலம்பெயர்ந்தோர் வழியே அம்மோதிரம் இன்று கடல் கடந்த நாடுகளிலும் அவ்வூரின் பெயராலேயே விற்பனையாகிறது.