மகாவலிக் கரையும் மழலையர் நீச்சலும்

கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கை வளைந்து செல்லும் கரையிலே அமைந்த பழம்பதி குண்டசாலை. 1707ஆம் ஆண்டு தொடக்கம் 1739ஆம் ஆண்டு வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் இவ்வூரில் மாளிகை அமைத்து வாழ்ந்தமையால், 'குண்டசாலை மன்னன்' என்றே மக்களால் அழைக்கப்பெற்றான். மதுரையிலிருந்து பெண் கொண்ட இம்மன்னன் மறைந்தபின், அரசியின் உடன்பிறந்தான் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயரோடு அரியணை ஏறினான். கண்டியில் நாயக்கர் ஆட்சி தொடங்கிற்று. இவ்வூரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரண்மனையையும் அரசுரிமையையும் கூறி அமைவர். ஆனால், ஊரின் ஓரமாக ஓடும் ஆற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்நீரில் இறங்கியவர் கரையேறிய வரலாறும், ஏறாது போன வரலாறும் அதுவே. பச்சிளங் குழந்தைக்கும் தளர்நடைப் பிள்ளைக்கும் நீரிலிருந்து உயிர் தப்பும் வித்தையைக் கற்பிக்கலாமா என்று இக்காலத்தார் எழுப்பும் வினா, அப்பழைய வரலாற்றின் தொடர்ச்சியே ஆகும்.

கண்டி அரசர்களுக்கு மகாவலி கங்கை ஓர் இயற்கை அகழி. 1660ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இம்மலைநாட்டிலே சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில், ஆறுகளின் மீது பாலங்கள் இல்லாமையையும், பகைவர் எளிதில் நுழையக்கூடாதென்று அரசன் கருதியதையும் குறித்துள்ளார். ஆற்றைக் கடக்க விரும்புவோர் தோணித்துறையை நாடவேண்டும். தோணி இல்லையேல் நீந்தவேண்டும். பேராதனையில் முதிரை மரத்தால் ஒரே வளைவாக அமைந்த புகழ்பெற்ற பாலம் 1833இலேயே கட்டி முடிக்கப்பெற்றது.

இவ்வகழியின் கொடுமையை ஆங்கிலேயப் படை 1803ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உணர்ந்தது. கண்டியைக் கைவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்ப முனைந்த மேஜர் டேவியின் படையினர், வட்டாபுளுவைத் துறையை அடைந்தபோது ஆறு பெருக்கெடுத்து ஓடிக்கொண்டிருந்தது. தோணிகள் இல்லை, அக்கரை செல்லும் வழியுமில்லை. அங்கேயே தங்கி நின்றவர்கள் ஈற்றில் கண்டிப் படையினரிடம் சரணடைந்து, பெரும்பாலோர் வெட்டுண்டு மாண்டனர். பார்ன்ஸ்லி என்னும் ஒரு சிப்பாய், கழுத்தின் பின்புறத் தசைநார்கள் அறுபட்ட நிலையிலும், இறந்தவன்போற் கிடந்து, பின்னர் ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து, மாத்தளையிலிருந்த மக்டவல் கோட்டையை அடைந்து செய்தி சொன்னான் என்பது வரலாறு. ஒரு படை கடக்க இயலாத ஆற்றை ஒருவன் கடந்தான். நீரோடு பழகிய உடலுக்கும் பழகாத உடலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

நீச்சலைக் கல்வியின் ஒரு கூறாகக் கருதிய சமுதாயங்கள் உலகில் பல. கல்லாதவனைக் குறிக்க, எழுத்தும் நீச்சலும் அறியாதவன் என்று சொல்லும் வழக்கு பண்டைக் கிரேக்கரிடையே இருந்ததைப் பிளேட்டோ பதிவு செய்துள்ளார். உரோமாபுரியின் மூத்த கேட்டோ, தம் மைந்தனுக்கு எழுத்தையும் சட்டத்தையும் கற்பித்தது போலவே, சுழல் நிறைந்த ஆற்றைக் கடக்கவும் தாமே கற்பித்தார் எனப் புளூட்டாக் எழுதியுள்ளார். யூதரின் தல்மூது நூல், தந்தை மைந்தனுக்கு ஆற்றவேண்டிய கடமைகளைத் தொகுத்துரைக்கும் இடத்தில் நீச்சலையும் சேர்த்துச் சொல்கின்றது. படகோட்டியிடம் தன் புலமையைப் பெருமையாகப் பேசி, புயல் வந்தபோது நீந்தத் தெரியாது திகைத்த பண்டிதனின் கதை நம் சிறுவர்களும் அறிந்ததன்றோ?

தமிழர்க்கும் இக்கலை புதிதன்று. நீர்நிலையின்மேற் படர்ந்த மரக்கிளையில் ஏறி, கண்டோர் வியக்க ஆழத்திற் குதித்து, அடியிலுள்ள மணலை அள்ளி மேலெழுந்த தன் இளமையை எண்ணி இரங்கும் முதியவர் ஒருவரைப் புறநானூறு காட்டுகின்றது. தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர் பாடியது அப்பாட்டு. கழார்த் துறையிலே நீர்விளையாட்டயர்ந்த ஆட்டனத்தியைக் காவிரி வவ்விச் சென்றதையும், ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்ததையும் சங்கப் பாடல்கள் சொல்லுகின்றன. நீரில் ஆடும் இன்பத்தையும் நீர் கொள்ளும் பலியையும் நம் முன்னோர் ஒருங்கே அறிந்திருந்தனர்.

பெரியபுராணத்தில் வரும் ஒரு காட்சியை இங்கே நினைவுகூர்தல் தகும். சீர்காழித் திருக்குளத்தில் நீராடச் சென்ற சிவபாத இருதயர், மூன்று வயதுக் குழந்தையாகிய சம்பந்தரைக் கரையிலே இருத்திவிட்டு நீரினுள் மூழ்குகின்றார். தந்தையைக் காணாத குழந்தை அழுகின்றது. அடியார்களுக்கு அது ஞானப்பால் உண்ட திருக்கதை. அத்தெய்விகச் செய்தி ஒருபுறமிருக்க, கரையில் ஒரு குழந்தை, நீரினுள் ஒரு தந்தை, இடையில் காப்போர் எவருமில்லாத சில கணங்கள் என்னும் நிலைமை நாடோறும் குளக்கரைகளில் நிகழ்வது. குளித்தற்கும் துவைத்தற்கும் நீர்நிலையை நாடும் நாட்டில், தாயும் தந்தையும் கண்ணை எடுக்கும் அந்தச் சில கணங்களே பேராபத்தின் வாயில்.

நீந்தத் தெரிந்த முதியவரைப் பற்றிய வரலாறு இவ்வாறு நீண்டதாயினும், குழந்தையின் நீச்சலைப் பற்றிய ஆராய்ச்சி மிக அண்மைக் காலத்தது. 1939ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் மிர்ட்டில் மக்ரோ என்னும் அம்மையார், பிறந்து பதினொரு நாளான சிசு முதல் இரண்டரை வயதுப் பிள்ளை வரை 42 குழந்தைகளை நீரில் வைத்து ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். முதற் சில மாதங்களில் குழந்தை நீரில் கைகால்களை ஒழுங்காக அசைக்கின்றது, மூச்சையும் அடக்குகின்றது. இஃது அறிந்து செய்யும் செயலன்று. இயல்பான அனிச்சைச் செயல். ஏறக்குறைய நான்கு மாதத்தின் பின் அவ்வொழுங்கு மறைந்து, குழந்தை தடுமாறுகின்றது, நீரை விழுங்குகின்றது. அதன்பின்னரே, நடை பழகும் பருவத்தில், அறிவோடு கூடிய அசைவுகள் தோன்றுகின்றன. 'குழந்தை பிறவியிலேயே நீந்தும்' என்று சிலர் கூறுவது எத்துணைப் பிழை என்பதை இவ்வாராய்ச்சி காட்டிற்று. சிசுவின் அசைவு நீச்சலைப் போன்றதாயினும், மூச்சு விடுவதற்காகத் தலையைத் தூக்க அதனால் இயலாது.

1966ஆம் ஆண்டில், புளோரிடா மாநிலத்தில், அண்டை வீட்டாரின் ஒன்பது மாதக் குழந்தை நீரில் மூழ்கி இறந்ததைக் கண்டு வருந்திய ஹார்வி பார்னெட் என்பவர், குழந்தைகளுக்கு உயிர்காப்பு நீச்சலைக் கற்பிக்கும் முறையொன்றை வகுக்கத் தொடங்கினார். அம்முறையின் உட்பொருள் எளியது. நீரில் விழுந்த குழந்தை மூச்சை அடக்குதல் வேண்டும். உடலைப் புரட்டி மல்லாந்து மிதத்தல் வேண்டும். முகம் நீருக்கு மேலிருக்க, உதவி வரும்வரை மூச்சு விட்டுக்கொண்டிருத்தல் வேண்டும். நடக்கத் தொடங்கிய பிள்ளையாயின், சிறிது நீந்தி, மல்லாந்து இளைப்பாறி, மீண்டும் நீந்திக் கரையைப் பற்றவேண்டும். நாடோறும் பத்து நிமிடம் அளவில், பல வாரங்கள், ஓர் ஆசிரியர் ஒரு குழந்தைக்கு மட்டுமே பயிற்சி அளிப்பது இம்முறையின் வழக்கம்.

இம்முறைக்கு எதிர்ப்பும் எழுந்தது. அழும் குழந்தையை நீரில் இறக்குவது தகுமா என்று சிலர் கேட்டனர். மிகுதியாக நீரை விழுங்கிய குழந்தைகளின் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து வலிப்பு ஏற்பட்டதை மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். உடற்சூடு குறைதலும் ஓர் அபாயம். எல்லாவற்றினும் மேலாக, பிள்ளைக்கு நீந்தத் தெரியும் என்ற நினைப்பிலே பெற்றோர் காவலைத் தளர்த்துவரோ என்னும் அச்சம் இருந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், நான்கு வயதுக்கு முன் பிள்ளைகள் முறையான நீச்சற் பயிற்சிக்கு ஆயத்தமாவதில்லை என்று கருத்துரைத்தது.

பின்னர்ச் சான்றுகள் மாறின. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளில் முறையான பயிற்சி பெற்றோர் மூழ்கி இறக்கும் அபாயம் 88 சதவீதம் குறைவாக இருந்ததைக் கண்டது. ஆய்வுக்குட்பட்ட பிள்ளைகளின் தொகை சிறிதாகையால் அவ்வெண்ணை அளவோடு கொள்ளவேண்டும். ஆயினும், அதே மருத்துவர் கழகம் 2010இல் தன் கருத்தைத் திருத்தி, 2019இல் ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகட்குப் பயிற்சி பயன்தரலாம் என அறிவித்தது. ஒரு வயதுக்குட்பட்ட சிசுக்களுக்கோ, பயிற்சி உயிர் காக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்பதே அதன் முடிபு. கருத்தை மாற்றுவது அறிவியலுக்கு இழுக்கன்று. சான்று வந்தபின்னும் மாற்றாமையே இழுக்கு.

செல்வ நாடுகளின் நீச்சற்குளங்களைப் பற்றிய இவ்வாய்வுகள் நமக்கு எவ்வளவு பொருந்தும்? இவ்வினாவுக்கு விடை தருவது வங்காளதேசம். அங்கே குளமும் ஓடையும் வீட்டு வாசலிலேயே உள்ளன. காலை வேளையில் தாய் அடுக்களையிலோ வயலிலோ இருக்கும்போது பிள்ளை தவழ்ந்து சென்று நீரில் விழுகின்றது. ஆய்வாளர்கள் இரு வழிகளைச் சோதித்தனர். ஐந்து வயதுக்குட்பட்ட மழலைகட்கு 'ஆஞ்சல்' எனப்படும் ஊர்ப் பராமரிப்பு நிலையம்; நான்கு வயதுக்கு மேற்பட்டோருக்கு ஊர்க்குளத்திலேயே, மூங்கில் மேடை கட்டி, உயிர்காப்பு நீச்சற் பயிற்சி. 2012இல் வெளியான முடிவுகளின்படி, முதலாவது வழியில் இறப்பு அபாயம் 80 சதவீதத்துக்கு மேலும், இரண்டாவது வழியில் 90 சதவீதத்துக்கு மேலும் குறைந்தது. பளிங்குக் குளம் தேவைப்படவில்லை. மூங்கிலும் பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் போதியதாயினர். மழலைக்குக் காவல், சிறுவனுக்குப் பயிற்சி என்னும் இவ்வொழுங்கையே உலக சுகாதார நிறுவனமும் வற்புறுத்துகின்றது. 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்றும், அவர்களில் நாலில் ஒரு பங்கினர் வரை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் அந்நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

பேரிடரின் பின்னரே நாடுகள் விழித்தெழுகின்றன என்பதற்கு யப்பான் ஓர் எடுத்துக்காட்டு. 1955ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் 'சியுன் மாரு' என்னும் கப்பல் மூழ்கி 168 பேர் மாண்டனர். அவர்களுள் நூறு பேர் பள்ளிச் சுற்றுலா சென்ற மாணவர். அதன்பின் அந்நாட்டுப் பள்ளிகளில் நீச்சற்குளங்கள் பெருகின. இலங்கையை உலுக்கிய பேரிடர் 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை. ஆண்களைவிடப் பெண்களும் குழந்தைகளும் மிகுதியாக மாண்டமைக்குக் கூறப்பட்ட காரணங்களுள், அவர்கள் நீந்தவும் மரமேறவும் பழக்கப்படாமையும் ஒன்று.

நீந்துவோர் இந்நாட்டுத் தமிழரிடையே இல்லாமலில்லை. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆனந்தன் 1971இல் அதே நீரிணையை இரு திசையிலும் நீந்திப் புகழ்பெற்று, 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர்நீத்தார். ஆனால், கடலோரத்தில் வளர்ந்த இத்திறன் மலைநாட்டுக்கு ஏறி வரவில்லை. தோட்டங்களில் வாழும் தமிழ் மக்கள் குளிப்பது பீலிக்கரையில். தலையில் நீர் விழுமேயன்றி, உடல் நீரில் மிதப்பதில்லை. அவ்வாறு வளர்ந்த பிள்ளை ஆற்றங்கரையை அடையும்போது, நீரின் குளிர்ச்சியை அறிந்திருக்குமேயன்றி ஆழத்தை அறிந்திராது.

ஆறும் இன்று பழைய ஆறன்று. 1976இல் பொல்கொல்லை அணையும், 1985இல் விக்டோரியா அணையும் திறக்கப்பெற்றபின், குண்டசாலை வழியே செல்லும் மகாவலி இரு அணைகட்கு இடைப்பட்ட நீராயிற்று. மேலே மதகு திறந்தால் கீழே நீர் திடீரென உயரும். நேற்று முழங்கால் அளவாய் இருந்த துறை இன்று ஆளை விழுங்கும். ஆழமறியாமற் காலை விடாதே என்னும் முதுமொழி இக்கரையினர்க்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஆயினும், மழலையைக் கொள்ளும் நீர் பெரும்பாலும் பேராறன்று. வீட்டுக் கிணறு, மூடாத தொட்டி, நீர் நிறைந்த வாளி ஆகியனவே. தளர்நடைப் பிள்ளைக்குத் தலை கனம். எட்டிப் பார்த்து விழுந்தால் நிமிர இயலாது. கூக்குரலும் எழாது, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே, கிணற்றுக்குக் கட்டும் மூடியும், வாளியை வெறுமையாக்கிக் கவிழ்த்தலும், பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒருவரை அமர்த்துதலும் முதற்காப்பு. வாய்ப்புள்ள இடத்தில், ஒரு வயதுக்குப் பின், தேர்ந்த ஆசிரியரிடம் நீரோடு பழக்குதல் இரண்டாவது காப்பு. பள்ளிப் பருவத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் மிதத்தலையும் நீந்துதலையும் கற்பித்தல் மூன்றாவது. இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

நான்காவது ஒன்றும் உண்டு. நீரிலிருந்து எடுத்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நாட்டில் இன்னும் வழங்கும் பழக்கங்கள். 1767இல் ஆம்ஸ்ற்றடாம் நகரில் நீரில் மூழ்கியோரை மீட்கும் முதற் சங்கம் தோன்றிய காலத்தில், ஐரோப்பியரும் பீப்பாயின் மேல் உருட்டுதல் போன்ற முறைகளைக் கையாண்டனர். அவை பயனற்றவை எனக் கைவிடப்பெற்றுப் பல காலமாயிற்று. மூச்சு நின்ற குழந்தைக்கு உடனே வாய்வழி மூச்சூட்டலும் மார்பழுத்தமும் வேண்டும். இதனைக் கற்க நீச்சற்குளமும் வேண்டியதில்லை, பெரும்பொருளும் வேண்டியதில்லை. இலங்கையில் ஆண்டுதோறும் நீரில் மூழ்கி இறப்போர் தொகை சுமார் 800 எனக் கூறப்படுகின்றது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. குண்டசாலை மன்னனின் ஆண்டுகளை மனனஞ் செய்து ஒப்புவிக்கும் மாணவன், அம்மன்னனின் ஆற்றில் தவறி விழுந்தால் மல்லாந்து மிதக்கவும் அறிந்திருத்தல் வேண்டும். அவன் தங்கை நடை பழகும் முற்றத்தில் கிணறு மூடியிருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் செய்து கொடுப்பது பெரியோர் கடன்.