நாய்க்குச் சாப்பாட்டுக் கிண்ணத்தை உயரத்தில் வைப்பது நல்லதா?

ஷாப்பியில் நாய்க் கிண்ணம் என்று தேடிப் பாருங்கள். கால் வைத்த ஸ்டாண்டுகள் வரிசையாக வந்து நிற்கும். மூங்கிலில் ஒன்று, இரும்பில் ஒன்று, ஏற்றி இறக்கும் வசதியோடு ஒன்று. 'கழுத்து வலிக்காது, செரிமானத்துக்கு நல்லது' என்று கீழே எழுதியிருக்கும்.

இந்தப் பக்கம் கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா தோட்டங்களுக்கு வந்தால் கதை வேறு. பழைய அலுமினியச் சட்டி, ஓரம் உடைந்த மங்கு, அதுவும் வாசல் சிமெண்டுத் தரையில்தான். அப்போ இவ்வளவு காலமும் நாம் தப்பாகத்தான் செய்துகொண்டிருந்தோமா?

இல்லை. ஆரோக்கியமான நாய்க்குத் தரையே போதும். சில பெரிய நாய்களுக்கு ஸ்டாண்டுதான் சிக்கலாக முடியலாம்.

குனிந்து சாப்பிட்டால் கஷ்டம் இல்லையா?

நமக்குத்தான் அப்படித் தோன்றும். நாயின் உணவுக்குழாய்த் தசைகள் அலை அலையாகச் சுருங்கி உணவைத் தள்ளுகின்றன. தலை கீழே இருந்தாலும் உணவு வயிற்றுக்குப் போய்விடும். வேட்டையாடிய காலத்திலிருந்தே தரையில் கிடப்பதைத் தின்று பழகிய உடம்பு அது.

புக்கிட் ரோத்தானில் என் மாமா வீட்டில் ஒரு ராட்வைலர் இருந்தது. பெயிண்ட் டின்னைக் கவிழ்த்து அதன் மேல்தான் அதற்குச் சாப்பாடு. "பெரிய நாய்மா, குனிஞ்சா கழுத்து வலிக்கும்" என்பார் மாமா. நானும் பல வருஷம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போதுதான் தெரிந்தது, ராட்வைலருக்குத்தான் அந்த டின் தேவையே இல்லை என்று.

பயம் எதற்கு?

பெரிய நாய்களுக்கு வரும் ஒரு நோய்தான் காரணம். இரைப்பை காற்றால் பலூன் மாதிரி ஊதி, பிறகு தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். இரண்டு வாயும் அடைபட்டுவிடும். இரத்த ஓட்டம் தடைபடும், இதயம் தடுமாறும். அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். மருத்துவர்கள் சுருக்கமாக இதை ஜிடிவி என்பார்கள், சாதாரணப் பேச்சில் புளோட்.

ஒடுங்கி ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள நாய்களுக்கு இது அதிகம் வரும். கிரேட் டேன், ராட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் எல்லாம் இந்த வகை. வீட்டில் தமிழ்நாட்டு ராஜபாளையம் வளர்த்தால், அதன் நெஞ்சும் ஆழம்தான். தோட்டத்தில் சுற்றும் நம் ஊர் நாய்களுக்கு இந்த ஆபத்து குறைவு.

1990களில் இந்த நோயைத் தடுக்கத்தான் கிண்ணத்தை உயர்த்தச் சொன்னார்கள். குனிந்து தின்றால் நாய் காற்றையும் சேர்த்து விழுங்கும் என்பது அன்றைய நம்பிக்கை. அமெரிக்காவின் இண்டியானாவில் இருக்கும் பர்டியூ பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் கிளிக்மன் தலைமையிலான குழு இதைச் சோதித்தது. நாய்க் கண்காட்சிகளுக்கு வந்த 11 இனங்களைச் சேர்ந்த 1,637 நாய்களைச் சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 2000ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. கிண்ணத்தை உயர்த்தியிருந்த வீடுகளில் இந்த நோய் குறையவில்லை, அதிகமாகத்தான் இருந்தது.

பெரிய இன நாய்களுக்கு வந்த நோய்ச் சம்பவங்களில் சுமார் 20 விழுக்காட்டுக்கும், கிரேட் டேன் போன்ற ராட்சத இனங்களில் சுமார் 52 விழுக்காட்டுக்கும் உயர்த்திய கிண்ணம் காரணமாகலாம் என்று கணக்கிட்டார்கள். இந்த எண்ணைச் சமூக ஊடகங்களில் பலர் தப்பாகப் பகிர்கிறார்கள். ஸ்டாண்டில் தின்றால் பாதி நாய்கள் செத்துவிடும் என்று அர்த்தமில்லை. நோய் வந்த நாய்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு இது.

அதே ஆய்வு இன்னும் மூன்று விஷயங்களையும் ஆபத்தோடு தொடர்புபடுத்தியது: வயது, வேகமாக விழுங்கும் பழக்கம், தாய் தகப்பன் அல்லது கூடப்பிறந்த நாய்க்கு இந்த நோய் வந்திருப்பது.

முடிவான பதிலா இது? அப்படிச் சொல்ல முடியாது. 2012இல் இணையம் வழியாக 2,500க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றித் திரட்டிய ஒரு ஆய்வில், கிண்ணத்தின் உயரத்துக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. 2017இல் இரண்டையும் அலசிய ஒரு மதிப்பாய்வு இப்படி முடித்தது: உயர்த்துவதால் நோய் குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, கூடலாம் என்பதற்குக் கொஞ்சம் இருக்கிறது, அதனால் தரையே பாதுகாப்பு. என் கணக்கும் அதுதான். லாபம் நிச்சயமில்லை, நஷ்டம் உயிர் என்றால் எதற்கு அந்த வம்பு?

யாருக்கு ஸ்டாண்டு உதவும்?

மூட்டுவலி, கழுத்து அல்லது முதுகெலும்புப் பிரச்சினை உள்ள வயதான நாய்களுக்கு உதவும். குனியும்போது முன்னங்கால் நடுங்குகிறதா, பாதியில் நிறுத்திவிட்டுப் போகிறதா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் மருத்துவரிடம் கேட்டு, முன்னங்கால் முட்டி உயரத்துக்கு வைக்கலாம்.

உணவுக்குழாய் விரிந்து தளர்ந்துபோகும் மெகாஈசோஃபேகஸ் என்ற நோய் வேறு கதை. தின்றது வயிற்றுக்குப் போகாமல் அப்படியே வெளியே வந்துவிடும். அந்த நாய்களுக்குக் கிண்ணத்தை மட்டும் உயர்த்திப் பயனில்லை, உடம்பே நிமிர்ந்திருக்க வேண்டும். அதற்காகவே பெய்லி நாற்காலி என்ற ஒன்று இருக்கிறது, குழந்தைகளின் உயர நாற்காலி மாதிரி. தின்று முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அதிலேயே உட்கார வைப்பார்கள்.

நம் பக்கத்துப் பிரச்சினை எறும்பும் எலியும்

தோட்டத்து வீடுகளில் கிண்ணத்தை உயர்த்துவதற்குக் கழுத்து வலி காரணமில்லை, எறும்பு. ஒரு பெரிய தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கிண்ணத்தை வைப்பது பாட்டி காலத்து ஐடியா. இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் உயரும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தண்ணீரை மட்டும் தினமும் கொட்டிவிடுங்கள். டெங்கி அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். ஏடிஸ் முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். சுகாதார அதிகாரிகள் வந்து ஜெந்திக்-ஜெந்திக்கைப் பார்த்துவிட்டால் அபராதம்.

எலிக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை, ஸ்டாண்டில் ஏறிவிடும். செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கூண்டு கட்டி ஆந்தை வளர்ப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள், அவ்வளவு எலி. அதன் சிறுநீரில்தான் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி பரவும். நாய்க்கும் வரும், உங்களுக்கும் வரும். ராத்திரி முழுக்கச் சோற்றை வாசலில் விட்டுவைத்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். 15, 20 நிமிஷத்தில் தின்னாவிட்டால் எடுத்துக் கழுவி வையுங்கள். இந்த நோய்க்கு நாய்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது, கேட்டுப் போடுங்கள்.

இன்னொன்று, லயத்தில் நாலைந்து நாய்கள் ஒரே சட்டியில் முட்டி மோதித் தின்னும். பக்கத்து நாய் பிடுங்கிவிடும் என்ற பயத்தில் மெல்லாமலே விழுங்கும். கிண்ணத்தின் உயரத்தைவிட இந்த வேகத்தைக் கவனியுங்கள். தனித்தனியாகத் தள்ளி வைத்துப் போடுங்கள். ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். மெதுவாகத் தின்ன வைக்கும் மேடுபள்ளக் கிண்ணங்கள் கடையில் கிடைக்கும். வாங்க வேண்டாம் என்றால் பழைய இட்லித் தட்டில் சோற்றை அப்பி வையுங்கள். குழி குழியாக நக்கித் தின்ன நேரம் பிடிக்கும்.

வயிறு ஊதினால் என்ன செய்வது?

வாந்தி எடுக்க முக்கும், ஆனால் ஒன்றும் வராது. இதுதான் முதல் அடையாளம். வயிறு தட்டினால் மேளம் மாதிரி இறுகியிருக்கும். எச்சில் ஒழுகும், ஓர் இடத்தில் படுக்காது, ஈறு வெளுத்துப்போகும். இஞ்சித் தண்ணீர், ஈனோ, எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். முறுக்கிய வயிற்றுக்குள் அது போகாது.

சபாக் பெர்ணாமிலிருந்து செர்டாங்கில் இருக்கும் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும். பெரிய நாய் வளர்ப்பவர்கள் இராத்திரியிலும் அறுவை சிகிச்சை செய்யும் கிளினிக் எது என்று இன்றே விசாரித்து, நம்பரைப் போனில் சேமித்து வையுங்கள். கருத்தடை அறுவை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடும் முறையும் இருக்கிறது. தைத்த பிறகு இரைப்பை ஊதினாலும் முறுக்குவது அபூர்வம். உங்கள் நாய் ராட்வைலரோ கிரேட் டேனோ என்றால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதைக் கேளுங்கள்.

அவசரத்தில் ஒருவர் காரை எடுக்கட்டும், இன்னொருவர் கிளினிக்குக்குப் போன் போடட்டும். நாயின் இனம், எடை, கடைசியாக எப்போது தின்றது, எப்போதிலிருந்து முக்குகிறது, இந்த நான்கையும் சொன்னால் நீங்கள் போய்ச் சேருவதற்குள் அங்கே தயாராகிவிடுவார்கள்.